ஏர் ஃப்ரையரில் வான்கோழி: எது தவறினால் எங்கே பார்க்க வேண்டும்

அமெரிக்காவில் நவம்பர் மாதத்தின் நான்காம் வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங் என்ற நன்றி நவிலும் திருநாள்; வான்கோழிதான் அன்றைய விருந்து. அந்த நாளுக்காகக் கடைகளில் குவிக்கப்படும் முழு வான்கோழிகள் பெரும்பாலும் 10 பவுண்டுக்குக் குறைவதில்லை. வீட்டில் உண்பவர்கள் நான்கைந்து பேர்தான் என்றால், எலும்போடும் தோலோடும் தனியாக விற்கப்படும் நெஞ்சுக்கறியை மட்டும் வாங்கி ஏர் ஃப்ரையரில் வேகவைத்துவிடலாம் என்று தோன்றுவது இயல்பு. அது நல்ல எண்ணமே; எங்கள் வீட்டில் பல ஆண்டுகளாக அப்படித்தான் நடக்கிறது. ஆனால், கோழித் துண்டுகளுக்குப் பழகிய கையோடு வான்கோழியைத் தொடும்போது சில பிழைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. கண்ணில் படும் அறிகுறியை வைத்து அந்தப் பிழைகளின் காரணத்தைக் கண்டுபிடிப்பதற்கும், சமைத்துக்கொண்டிருக்கும்போதே சரிசெய்வதற்கும் உதவும் வகையில் இதை எழுதுகிறேன்.

பிழை எது என்று தெரிய, பிழையில்லாத சமையல் எப்படி நடக்கும் என்று முதலில் தெரிய வேண்டும். 6 க்வார்ட்டோ (ஒரு க்வார்ட் ஏறத்தாழ ஒரு லிட்டர்) அதற்கு மேலோ கொள்ளும் கூடையில், 4 முதல் 6 பவுண்டு எடையுள்ள, முழுவதும் உறைவு நீங்கிய நெஞ்சுக்கறியைத் தோல் கீழே இருக்கும்படி வைத்து, 350 டிகிரி பாரன்ஹீட்டில் 20 முதல் 25 நிமிடம் வேகவிட்டு, பிறகு தோல் மேலே வரும்படி திருப்பி, மேலும் 30 முதல் 45 நிமிடம் வைத்தால், அதன் மிகத் தடித்த இடத்தில் வெப்பமானி 165 டிகிரியைக் காட்டும். செல்சியஸில் அது 74. இனி வரும் வெப்ப எண்கள் எல்லாம் பாரன்ஹீட்டில்தான். மேலே சொன்ன நிமிடக் கணக்கு வழிகாட்டி மட்டுமே, கூடையின் வடிவத்துக்கும் கறியின் தடிமனுக்கும் ஏற்ப அது கூடும், குறையும். வெந்ததா என்பதைத் தீர்மானிப்பது 165 என்ற எண் ஒன்றே, அமெரிக்க வேளாண் துறை எல்லாப் பறவைக் கறிக்கும் சொல்லும் எண்ணும் அதுதான்.

இன்னொன்றையும் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். ஏர் ஃப்ரையர் என்ற பெயரில் பொரிப்பது இருந்தாலும், உண்மையில் அது மேல்பக்கம் சுருள் கம்பியும் விசிறியும் பொருத்திய சின்ன ஓவன். வேகமாகச் சுழலும் சூடான காற்று தோலுக்கு வெப்பத்தை மிக விரைவாகக் கொடுக்கிறது; ஆனால் தோலிலிருந்து நடுச்சதை வரை வெப்பம் நடந்து போகும் வேகம் எந்தக் கருவியிலும் ஏறத்தாழ ஒன்றுதான். கோழி இறக்கையில் இந்த வேறுபாடு தெரியாது. மூன்று அங்குலத் தடிமனுள்ள வான்கோழி நெஞ்சில் நன்றாகத் தெரியும். கீழே வரும் பிழைகளில் பாதிக்கு மேல் இதிலிருந்தே பிறக்கின்றன.

மேலே கருகிவிட்டது, உள்ளே பச்சையாக இருக்கிறது

அதிகம் நேர்வதும் அதிகம் அஞ்ச வைப்பதும் இதுதான். நான் முதன்முதலில் சமைத்த ஆண்டு 40ஆம் நிமிடத்தில் கூடையை இழுத்துப் பார்த்தபோது, நெஞ்சின் உச்சியில் உள்ளங்கையளவு தோல் கரியாகியிருந்தது. வெப்பமானியை நடுவில் இறக்கினேன். 38 காட்டியது. நெஞ்செலும்பை ஒட்டிக் கத்தியை விட்டால் முனையில் ஐஸ் நறநறத்தது. முதல் நாள் காலையில் உறைபெட்டியிலிருந்து எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தேன். மேலே அழுத்திப் பார்த்தபோது சதை மெத்தென்று இருந்ததால் இளகிவிட்டது என்று நம்பிவிட்டேன்.

ஆகவே முதலில் சந்தேகப்பட வேண்டியது உறைவைத்தான். குளிர்சாதனப் பெட்டியில் வைத்து இளக்குவதானால் ஒவ்வொரு 4 அல்லது 5 பவுண்டுக்கும் 24 மணி நேரம் என்பது கணக்கு; ஆனால் எலும்புள்ள நெஞ்சின் விலாக்கூட்டுக்குள் குளிர் கடைசிவரை தங்கிவிடுவதால், 5 பவுண்டு துண்டுக்கு நான் இரண்டு முழு நாள் ஒதுக்குகிறேன். அவசரம் என்றால், நீர் புகாத பையில் இட்டுக் குளிர்ந்த நீரில் மூழ்கவைத்து, பவுண்டுக்கு அரை மணி நேரம் வீதம், அரை மணிக்கொரு முறை நீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்; இப்படி இளக்கியதை உடனே சமைத்துவிட வேண்டும். சமையல் மேடையில் இரவு முழுவதும் வெளியே வைத்து இளக்குவது கூடவே கூடாது. 40 முதல் 140 டிகிரி வரையிலான இடைவெளியில் கிருமிகள் விரைவாகப் பெருகுகின்றன. நடுவில் ஐஸ் இருக்கும்போதே மேற்சதை அந்த இடைவெளிக்குள் பல மணி நேரம் கிடக்கும். இளகியதை உறுதிசெய்ய மேலே அழுத்திப் பார்த்தால் போதாது. விலாக்கூட்டின் உட்பக்கம் விரலை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். அப்படிக் கையை விடும்போது வேறொன்றும் கிடைக்கலாம்: உறைந்து விற்கப்படும் நெஞ்சுக்கறி சிலவற்றின் குழிவுக்குள் கழுத்துத் துண்டையோ கிரேவிப் பொட்டலத்தையோ சேர்த்து வைத்திருப்பார்கள். பிளாஸ்டிக் பொட்டலம் உள்ளேயே இருந்து சூட்டில் உருகிவிட்டால், அந்தக் கறியை உண்ணாமல் விட்டுவிடுவதே சரி.

உறைவு காரணமில்லை என்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது இடைவெளி. கறியின் உச்சிக்கும் மேலுள்ள சுருள் கம்பிக்கும் இடையே குறைந்தது ஓர் அங்குலமாவது இருக்க வேண்டும். பக்கங்களில் காற்று இறங்கிச் செல்ல விரல் நுழையும் அளவு வழி வேண்டும். இதைச் சமைக்கும் நாளில் கண்டுபிடிப்பதைவிட, வாங்கி வந்த அன்றே உறையைப் பிரிக்காமல் கூடையில் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது. உயரம் இடித்தால், விலா எலும்புகளின் ஓரத்தையும் முதுகெலும்புத் துண்டையும் கோழி வெட்டும் கத்தரியால் நறுக்கி எடுத்துவிட்டால் கறி ஓர் அங்குலம் வரை தாழ்ந்து உட்காரும். அப்படியும் இடித்தால் நெஞ்செலும்பின் வழியே இரண்டாகப் பிளந்து, இரண்டு முறையாகச் சமைப்பதே வழி. முழு வான்கோழியைக் கூடையில் அடைத்துப் பார்க்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மிகப் பெரிய கூடையிலும் 8 பவுண்டுக்கு மேற்பட்ட பறவை காற்றோட்டத்துக்கு இடம் விடாது.

மூன்றாவது, வெப்ப அளவு. 400 டிகிரியில் வைத்தால் சீக்கிரம் வேகும் என்பது தவறான கணக்கு. சீக்கிரம் கருகும், அவ்வளவுதான்.

இப்போது கூடைக்குள் கருகிக்கொண்டிருக்கும் கறியை என்ன செய்வது? வெப்பத்தை 325-க்குக் குறையுங்கள். அதற்கும் கீழே இறக்க வேண்டாம், ஏனெனில் வான்கோழியை அதைவிடக் குறைந்த வெப்பத்தில் வேகவைப்பது பாதுகாப்பானதல்ல என்பது வேளாண் துறையின் அறிவுரை. கருகிய இடத்தின் மேல் அலுமினியத் தாளை இறுக்கமாகப் பொதிந்து, ஓரங்களைக் கறிக்கு அடியில் மடித்துச் செருகிவிடுங்கள். சும்மா போர்த்தினால் விசிறிக் காற்று தாளைத் தூக்கிச் சூட்டுக் கம்பியில் ஒட்டிவிடும். வீட்டில் ஓவன் இருந்தால் கறியை 325 டிகிரி ஓவனுக்கு மாற்றி முடிப்பது இன்னும் எளிது. எதைச் செய்தாலும் பாதி வெந்த கறியை வெளியே எடுத்து வைத்துவிட்டு, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நிறுத்தக்கூடாது. தொடங்கிய சமையலை ஒரே மூச்சில் முடித்துவிட வேண்டும். கருகிய தோலை உரித்துவிட்டால் உள்ளே இருக்கும் கறி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அன்று எங்கள் மேசைக்குத் தோலில்லாத வான்கோழிதான் வந்தது, எல்லோரும் நிறைவாகவே உண்டார்கள்.

வெப்பமானி ஒவ்வொரு முறையும் வேறு எண்ணைக் காட்டுகிறது

ஓர் இடத்தில் 172, இரண்டு அங்குலம் தள்ளி 148 என்று காட்டினால் கருவி கெட்டுவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள். பெரும்பாலும் அதன் முனை எலும்பைத் தொட்டிருக்கும், அல்லது சதையைத் துளைத்துக்கொண்டு மறுபக்கக் குழிவுக்குள் போயிருக்கும். மேலிருந்து செங்குத்தாகக் குத்தாமல், நெஞ்சின் தடித்த முனையில் பக்கவாட்டாக, எலும்புக்கு இணையாக நுழையுங்கள். முனை எலும்பில் இடித்தால் அரை அங்குலம் பின்னுக்கு இழுங்கள். ஆழமாகச் செருகிவிட்டு மெல்ல வெளியே இழுத்துக்கொண்டே வந்தால் எண் குறைந்து, ஓரிடத்தில் நின்று, மீண்டும் ஏறும். அந்த மிகக் குறைந்த எண்தான் உங்கள் கறியின் உண்மையான வெப்பநிலை. நெஞ்சின் இரண்டு பக்கங்களிலும் இப்படிப் பார்க்க வேண்டும், ஏனெனில் கூடையின் ஒரு பக்கம் மற்றதைவிடச் சூடாக இருப்பது மிகச் சாதாரணம்.

முள் சுழலும் வட்ட முக வெப்பமானியாக இருந்தால் அதன் உணரும் பகுதி முனையில் மட்டும் இல்லை, இரண்டு அங்குலத்துக்கு மேல் நீண்டிருக்கிறது. மெல்லிய துண்டில் அது சரியாக அளக்காது. எண் காட்டும் மின்னணுக் கருவியே இதற்கு ஏற்றது. அதன் மேல் ஐயம் இருந்தால் ஒரு குவளை நிறைய நொறுக்கிய ஐஸும் சிறிது நீரும் இட்டுக் கலக்கி முனையை நடுவில் வையுங்கள். 32 காட்ட வேண்டும். கறியிலேயே குத்தி வைத்து விற்கப்படும், வெந்ததும் மேலே துள்ளி எழும் பிளாஸ்டிக் குமிழை நான் நம்புவதில்லை. அது எழுவதற்குள் நெஞ்சு உலர்ந்துவிட்டிருப்பதும் உண்டு, மேற்காற்றின் சூட்டில் உள்ளே வேகும் முன்பே எழுந்துவிடுவதும் உண்டு. அதைப் பிடுங்காமல் விட்டுவிடுங்கள், ஆனால் அதன் பேச்சைக் கேட்க வேண்டாம்.

165 வந்துவிட்டது, ஆனாலும் கறி இளஞ்சிவப்பாக இருக்கிறது

எல்லா இடங்களிலும் 165 வந்துவிட்டது என்று மேலே சொன்னபடி உறுதிசெய்திருந்தால், உண்ணலாம். வான்கோழிச் சதையில் உள்ள மயோகுளோபின் என்ற நிறப்பொருள் சில வேளைகளில் வெந்த பிறகும் இளஞ்சிவப்பு நிறத்தை விடாது. இளம் பறவைகளின் எலும்பு முற்றாதது. அதன் மச்சையிலிருந்து கசியும் நிறம் எலும்பை ஒட்டிய சதையைச் செந்நிறமாக்கும். இதற்கு நேர்மாறானதும் உண்மை: வெள்ளையாகத் தெரியும் கறி 150 டிகிரியில்கூட இருக்கலாம். வடியும் சாறு தெளிந்திருந்தால் வெந்துவிட்டது என்று கோழிக்குச் சொல்லி வந்த பழைய அடையாளமும் இங்கே கைகொடுக்காது. வீட்டுப் பெரியவர்கள் இளஞ்சிவப்பைக் கண்டு தட்டைத் தள்ளிவைத்தால், அவர்களுடைய துண்டுகளை மட்டும் சூடான கிரேவியில் ஒரு நிமிடம் கொதிக்கவிட்டுக் கொடுங்கள். முழுக் கறியையும் மீண்டும் கூடைக்குள் வைத்து உலர்த்திவிட வேண்டாம்.

வெந்துவிட்டது, ஆனால் நார் நாராக உலர்ந்திருக்கிறது

நெஞ்சுக்கறியில் கொழுப்பு மிகக் குறைவு. வெப்பம் ஏற ஏறச் சதை நார்கள் சுருங்கி உள்ளிருக்கும் நீரைப் பிழிந்து வெளியேற்றுகின்றன. 165-க்கும் 180-க்கும் இடையில் அந்த இழப்பு நாக்குக்குத் தெரியும்படி கூடிவிடுகிறது. ஆகவே கறி உலர்ந்துவிட்டது என்றால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எடுக்கும்போது வெப்பமானி என்ன காட்டியது என்பதுதான். 'பெட்டியில் 70 நிமிடம் என்று போட்டிருந்தது, அதனால் 70 நிமிடம் வைத்தேன்' என்பது விடையாக இருந்தால், காரணம் கிடைத்துவிட்டது. 35ஆம் நிமிடத்திலிருந்தே பார்க்கத் தொடங்குங்கள். 140-ஐத் தாண்டிய பிறகு ஐந்து நிமிடத்துக்கொரு முறை பாருங்கள்.

அடுப்பிலிருந்து எடுத்த பிறகும் வெளிச்சதையின் சூடு உள்நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும் என்பதால், இந்த அளவுள்ள துண்டில் நடு வெப்பம் சில டிகிரி தானாக ஏறும். இதை நம்பிப் பலர் 160-இல் எடுக்கிறார்கள். நானும் எடுக்கிறேன். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: வெப்பமானியைக் கறியிலேயே விட்டுவைத்து, எண் 165-ஐத் தொட்டதைக் கண்ணால் கண்ட பிறகே கத்தியை வைக்க வேண்டும். பத்து நிமிடத்துக்குள் தொடவில்லை என்றால் மறுபடியும் கூடைக்குள் போக வேண்டியதுதான். சின்னக் குழந்தைகளோ கருவுற்றவர்களோ முதியவர்களோ உண்ணப்போகிறார்கள் என்றால் இந்தக் கணக்கே வேண்டாம். கூடைக்குள்ளேயே 165 வரட்டும்.

வெப்பநிலை சரியாக இருந்தும் உலர்ந்திருந்தால் உப்பைப் பாருங்கள். முதல் நாள் இரவே உப்பைத் தடவி வைத்தால், உப்பு முதலில் நீரை வெளியே இழுத்து, அதில் தானே கரைந்து, பிறகு அந்த நீரோடு சதைக்குள் திரும்பிச் செல்கிறது. அப்படி உப்பேறிய சதை நார்கள் சூட்டில் அவ்வளவு இறுகிச் சுருங்குவதில்லை. 5 பவுண்டு கறிக்கு ஏறத்தாழ 10 கிராம் உப்பு போதும். நுண்ணிய மேசை உப்பு என்றால் அது ஒன்றரைத் தேக்கரண்டிக்குச் சற்று மேல். தோலை விரலால் மெல்லத் தூக்கி, கிழியாமல் ஒரு பைபோல ஆக்கிக்கொண்டு, உப்பில் பாதிக்கு மேல் தோலுக்கு அடியில் சதையின் மீதே படும்படி தடவ வேண்டும். ஆனால் அதற்கு முன் உறையில் இருக்கும் சிறிய எழுத்தைப் படித்துவிடுங்கள். உப்பு நீர்க் கரைசல் இத்தனை சதவீதம் சேர்க்கப்பட்டது என்று அச்சிட்டிருந்தால், ஆலையிலேயே ஊசி மூலம் உப்பு ஏற்றியாகிவிட்டது என்று பொருள். கோஷர் என்ற யூத சமய முறையில் அறுத்து உப்பிட்ட பறவைக்கும் இதுவே பொருந்தும். அவற்றுக்கு மேலும் உப்பிட்டால் உண்ண முடியாத அளவுக்குக் கரிக்கும், கிரேவியும் கெடும்.

கடைசியாக, வெட்டும் முறை. நல்ல கறியும் தவறாக வெட்டினால் நாராகத் தெரியும். 15 நிமிடமாவது ஆறவிட்டு, நெஞ்செலும்பின் ஒரு பக்கமாகக் கத்தியை இறக்கி அரை நெஞ்சை முழுதாக எலும்பிலிருந்து கழற்றிப் பலகையில் வையுங்கள்; பிறகு நார் ஓடும் திசைக்குக் குறுக்கே, அரை அங்குலக் கனத்தில், ஒவ்வொரு துண்டிலும் சிறிது தோல் இருக்கும்படி வெட்டுங்கள். எலும்பில் வைத்தபடியே நீளவாக்கில் சீவுவது பார்க்க அழகாக இருக்கும், பல்லில் சிக்கும்.

ஏற்கெனவே உலர்ந்துவிட்ட கறிக்கு மருந்து ஒன்றுதான்: கூடைக்கு அடியில் இழுப்பறையில் தேங்கிய சாற்றோடு ஒரு குவளை கோழிச்சாறும் ஒரு தேக்கரண்டி வெண்ணெயும் சேர்த்துக் கொதிக்கவைத்து, வெட்டிய துண்டுகளை அதில் தோய்த்துப் பரிமாறுங்கள்.

தோல் மொறுமொறுப்பாக வரவில்லை, ரப்பர் போல இழுக்கிறது

தோல் ஈரமாக இருக்கும்வரை அதன் வெப்பம் நீரின் கொதிநிலையான 212 டிகிரியைத் தாண்டாது. பொன்னிறம் வருவதற்கு அதைவிட மிக அதிகமான சூடு வேண்டும். எனவே ஈரம் எங்கிருந்து வந்தது என்று தேடுவதே இதற்கு வழி.

நம் வீடுகளில் கறியை மஞ்சள் போட்டு நாலு தண்ணீரில் அலசாமல் சமைக்க மனம் ஒப்பாது. எனக்கும் அந்தப் பழக்கத்தை விடப் பல ஆண்டுகள் ஆயின. ஆனால் குழாயடியில் அலசும்போது தெறிக்கும் துளிகள் சால்மொனெல்லா போன்ற கிருமிகளைத் தொட்டியிலும் மேடையிலும் பக்கத்தில் இருக்கும் காய்கறிகளிலும் பரப்பும்; அவற்றைக் கொல்வது 165 டிகிரிச் சூடுதான், தண்ணீர் அல்ல. அதோடு, அலசிய தோல் நீரைக் குடித்துக்கொண்டு வேகும்போது ஆவியைத்தான் விடும். உறையிலிருந்து எடுத்ததும் காகிதத் துண்டால் எல்லாப் பக்கமும் ஒற்றி, உப்பிட்டு, மூடாமல் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் ஒரு தட்டின் மேல் இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். காலையில் தொட்டுப் பார்த்தால் தோல் பழைய காகிதம்போல உலர்ந்து, சற்றே ஒளி ஊடுருவும் நிறத்தில் இருக்கும். அந்த நிலையை எட்டிய தோல் மொறுமொறுப்பாக வராமல் போனதை நான் பார்த்ததில்லை. உப்போடு ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர் கலந்து தோலின் மேல் மட்டும் தடவினால் நிறம் இன்னும் விரைவாக ஏறும். சமையல் சோடாவை அதற்குப் பதிலாக இடாதீர்கள், சோப்பு வாடை வரும்.

எல்லாம் செய்தும் தோல் தளர்ந்திருந்தால், கடைசி வரை தோல் கீழேயே இருந்ததா, கூடையின் துளைகளைத் தாள் விரித்து அடைத்துவிட்டீர்களா, வெந்த பிறகு இறுக்கி மூடி வைத்தீர்களா என்று பாருங்கள். உள் வெப்பம் 150 இருக்கும்போது வெப்பத்தை 390-க்கு உயர்த்தி ஐந்து நிமிடம் விட்டால் பெரும்பாலும் தோல் மீண்டுவிடும், அந்த ஐந்து நிமிடமும் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

புகை வருகிறது

வெண்புகை என்றால், வடிந்த கொழுப்பு இழுப்பறையின் சூடான தரையில் விழுந்து கருகுகிறது. கருவியை நிறுத்தி, இழுப்பறையை வெளியே எடுத்து, சேர்ந்த கொழுப்பைச் சூடு தாங்கும் பாத்திரத்தில் வடித்துவிட்டுத் தொடருங்கள். உங்கள் கருவியின் கையேடு அனுமதித்தால், கூடைக்கு அடியில் கால் குவளை தண்ணீரோ கோழிச்சாறோ ஊற்றிவைப்பது புகையைத் தடுப்பதோடு கிரேவிக்கான சாற்றையும் கருகாமல் காக்கும். வெண்ணெய் தடவியிருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம், ஏனெனில் வெண்ணெயில் உள்ள பால் துகள்கள் 350 டிகிரியை ஒட்டியே கருகத் தொடங்கிவிடுகின்றன. அந்தத் துகள்களை நீக்கிய நெய் 450 வரை தாங்கும். அமெரிக்கச் சமையல் குறிப்புகள் வெண்ணெய் என்று சொல்லும் இடத்தில் எல்லாம் நான் நெய்யையே தடவுகிறேன். மணத்திலும் அது ஒரு படி மேல்.

கரும்புகையும் பிளாஸ்டிக் வாடையும் வந்தால் கதை வேறு. உடனே நிறுத்தி மின்செருகியைப் பிடுங்குங்கள். தாள் பறந்து கம்பியில் ஒட்டியிருக்கலாம், கால்களைச் சேர்த்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் கொக்கியோ ஈரம் உறிஞ்சும் அட்டையோ கறியில் தங்கியிருக்கலாம். தீ தெரிந்தால் கூடையைத் திறக்காதீர்கள். மூடியபடியே விட்டால் காற்றில்லாமல் அணையும். அணையவில்லை என்றால் வீட்டை விட்டு வெளியேறித் தீயணைப்புத் துறையை அழைக்க வேண்டும்.

பாதியில் கருவி நின்றுவிட்டது

அமெரிக்க வீடுகளில் 120 வோல்ட், 15 ஆம்பியர் இணைப்பு அதிகபட்சம் 1800 வாட் தாங்கும். பெரிய ஏர் ஃப்ரையர் ஒன்றே 1500 முதல் 1700 வாட் வரை எடுத்துக்கொள்ளும். அதே இணைப்பில் மைக்ரோவேவையோ மின்கெட்டிலையோ போட்டால் பிரேக்கர் விழும். தேங்க்ஸ்கிவிங் அன்று மாலை ஐந்து மணிக்கு எல்லாக் கருவிகளும் ஒன்றாக ஓடும்போதுதான் இது நடக்கும். நீட்டிப்புக் கம்பியில் செருகாமல் சுவரிலேயே செருகி, சமையலறையின் மற்றொரு சுற்றில் பிற கருவிகளை மாற்றிக்கொள்ளுங்கள். நின்ற நேரம் சில நிமிடமாக இருந்தால் கறியைத் திறக்காமல் விட்டுத் தொடரலாம்.

மசாலா கசக்கிறது, கூடை முழுக்கத் தூளாகப் பறந்திருக்கிறது

விசிறிக் காற்றுக்கு உலர்ந்த மிளகாய்த்தூளும் மஞ்சள்தூளும் எதிர்நிற்காது. பறந்து கம்பியில் பட்டுக் கருகி, அந்தக் கசப்புக் கறியில் இறங்கும். தயிர் கலந்த மசாலாவைத் தோலின் மேல் பூசினால் பறக்காது, ஆனால் தோல் ஈரமாகி மொறுமொறுப்புப் போய்விடும். தேனும் சர்க்கரையும் சேர்ந்த பூச்சு முதல் 15 நிமிடத்திலேயே கறுத்துவிடும். எனக்குச் சரியாக அமைந்தது இதுதான்: இஞ்சி, பூண்டு, மிளகு, சோம்பு, சிறிது மிளகாய்த்தூள் ஆகியவற்றை நெய்யில் குழைத்து முழுவதையும் தோலுக்கு அடியில் தடவி, தோலின் மேல் உப்பும் ஒரு கோடு நெய்யும் மட்டும் விடுவது. இனிப்புப் பூச்சு வேண்டும் என்பவர்கள் கடைசி ஐந்து நிமிடத்தில் பூசட்டும்.

காலும் தொடையும் 165 வந்தும் கடித்து இழுக்க வேண்டியிருக்கிறது

நெஞ்சுக்குச் சொன்னது காலுக்குப் பொருந்தாது. 165-இல் கால் பாதுகாப்பாக வெந்திருக்கும், ஆனால் அதிலுள்ள இணைப்புத் திசு இளகியிருக்காது. 175 முதல் 185 வரை விடுங்கள். கொழுப்பும், இணைப்புத் திசுவில் உள்ள கொலாஜன் என்ற புரதமும் கூடுதலாக இருப்பதால் கால் உலராது, சதை எலும்பிலிருந்து தானாக விலகத் தொடங்கும். இதனால்தான் நெஞ்சையும் காலையும் ஒரே கூடையில் ஒன்றாக வேகவைக்கக் கூடாது. நான் கால்களை முதலில் சமைத்து எடுத்து, நெஞ்சு ஆறும் 15 நிமிடத்தில் மறுபடியும் கூடைக்குள் போட்டுச் சூடாக்கிக்கொள்கிறேன். காலின் அடிப்பகுதியில் ஓடும் கெட்டியான தசைநாண்கள் எவ்வளவு வெந்தாலும் மெல்ல முடியாதவை. பரிமாறும் முன் இடுக்கியால் பிடித்து உருவிவிடுங்கள்.

மறுநாள் சூடாக்கினால் காய்ந்துபோகிறது, ஒருவித வாடை வருகிறது

வாடைக்குக் காரணம் வான்கோழிக் கொழுப்பு காற்றில் பட்டு ஆக்சிஜனேற்றம் அடைவது. சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள், எலும்பிலிருந்து கழற்றி, ஆழமில்லாத பாத்திரத்தில் சிறிது சாற்றோடு மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் வாடை குறையும். மூன்று நான்கு நாள் வரை வைத்திருக்கலாம். மெல்லிய துண்டுகளை ஏர் ஃப்ரையரில் மறுபடியும் சூடாக்குவது அப்பளம் சுடுவதற்கு ஒப்பாகும், விசிறிக் காற்று மிச்சமிருக்கும் ஈரத்தையும் கொண்டுபோய்விடும். சாற்றோடு மூடிய வாணலியில் சிறு தீயில் 165 வரை சூடாக்குங்கள். ஏர் ஃப்ரையரில்தான் ஆக வேண்டும் என்றால், துண்டுகளை வெட்டாமல் முழுதாகவே அலுமினியத் தாளில் இரண்டு கரண்டிச் சாறு ஊற்றிப் பொட்டலமாக மடித்து 325-இல் வைத்து, தோலை மட்டும் தனியே உரித்துக் கடைசி மூன்று நிமிடம் கூடையில் போட்டு எடுத்தால், முதல் நாள் மொறுமொறுப்பு பெருமளவு திரும்பிவிடும்.